கோஷ்டிகளும் பெரிய குடியரசும்: மேடிசனின் பத்தாவது கட்டுரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய அரசியலமைப்புச் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று 1787-88-இல் அமெரிக்கா முழுக்க விவாதம் நடந்தது. அப்போது நியூயார்க் செய்தித்தாள்களில் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில், சட்டத்தை ஆதரித்து ஒரு கட்டுரைத் தொடர் வந்தது. மொத்தம் 85 கட்டுரைகள். அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மேடிசன், ஜான் ஜே மூவரும் சேர்ந்து எழுதியவை. இன்று ‘ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள்’ என்று அறியப்படும் இந்தத் தொகுதியில் பத்தாவதை எழுதியவர் மேடிசன். 1787 நவம்பர் 22-இல் வெளிவந்தது.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏ.பி. அரசியல் பாடம் எடுக்கும் நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் படித்தாக வேண்டும். இந்தியாவில் அரசியல் அறிவியல் படிப்பவர்களுக்கும் எப்படியாவது எதிர்ப்பட்டுவிடும். படித்தவர்களுக்கு வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

கட்டுரை சொல்வது என்ன, ரெண்டு வரியில்?

சுதந்திரம் இருக்கும் இடத்தில் மக்கள் கோஷ்டிகளாகப் பிரிவதைத் தடுக்க முடியாது. ஆனால் நாடு பெரிதாக இருந்து, பலவிதமான நலன்கள் அதற்குள் இருந்தால், ஒரே கோஷ்டி பெரும்பான்மையாகி மற்றவர்களை நசுக்குவது கடினம். அதனால் அன்றைய பதின்மூன்று மாநிலங்களும் தனித்தனிச் சின்னக் குடியரசுகளாக இருப்பதைவிட ஒரு பெரிய குடியரசு மேல்.

கோஷ்டி என்று எதைச் சொல்கிறார்? கட்சி, சங்கம் எல்லாமே கோஷ்டியா?

இல்லை. இதைத் தவறவிட்டால் கட்டுரையே பிடிபடாது. பொதுவான ஓர் உணர்ச்சியாலோ சுயநலத்தாலோ ஒன்றுசேர்ந்து, மற்ற குடிமக்களின் உரிமைக்கோ மொத்தச் சமூகத்தின் நிலையான நலனுக்கோ எதிராகச் செயல்படும் கூட்டம்தான் கோஷ்டி. எண்ணிக்கை முக்கியமில்லை. நாட்டில் பாதிக்கு மேல் இருந்தாலும் கோஷ்டி கோஷ்டிதான்.

கூலி உயர்வு கேட்கும் தொழிலாளர் சங்கம் இந்த வரையறைக்குள் வராது. அதே சங்கம் இன்னொரு சாதிக்காரரை, இன்னொரு மதத்தவரை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று சட்டம் கேட்டால் வந்துவிடும். அதாவது கூடுவது குற்றமில்லை. அடுத்தவன் உரிமையில் கை வைப்பதற்காகக் கூடுவதுதான் சிக்கல்.

அவர் இவ்வளவு கவலைப்படும்படி அப்படி என்ன நடந்தது?

நிறைய நடந்தது. பிரிட்டனுக்கு எதிரான புரட்சிப் போர் முடிந்த கையோடு மாநிலங்கள் கடனில் மூழ்கின. புதிய சட்டத்துக்கு முன் நடப்பில் இருந்த கூட்டமைப்பு விதிகளின்படி, மத்தியில் இருந்த காங்கிரஸ் என்ற சட்டமன்றத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. இறக்குமதிப் பொருட்கள் மீது 5 சதவீதத் தீர்வை போடலாம் என்ற யோசனையை 1782-இல் ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் தனியாக நின்று தடுத்துவிட்டது. மாற்றம் எதற்கும் பதின்மூன்று மாநிலங்களும் ஒப்புக்கொண்டாக வேண்டும் என்பது விதி.

அந்த ரோட் ஐலண்டிலேயே 1786-இல் நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கடனாளி விவசாயிகளின் ஆதரவு பெற்ற அணி சட்டமன்றத்தைப் பிடித்தது. ஒரு லட்சம் பவுண்டுக்குக் காகிதப் பணம் வெளியிட்டது. நோட்டின் மதிப்பு வேகமாகச் சரிந்தது. உடனே, நோட்டை முழு மதிப்புக்கு வாங்க மறுப்பவருக்கு அபராதம் என்று சட்டம் வந்தது. அந்த வழக்குகளுக்கு ஜூரி கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. நியூபோர்ட்டில் ஜான் வீடன் என்றொரு கறிக்கடைக்காரர் இருந்தார். ஜான் ட்ரெவெட் என்பவர் கறி வாங்கிக்கொண்டு நோட்டை நீட்ட, வீடன் வாங்க மாட்டேன் என்றார். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதிகள் இந்த வழக்கை நாங்கள் விசாரிக்க முடியாது என்று ஒதுங்க, வீடன் தப்பினார். சட்டமன்றம் விடவில்லை. நீதிபதிகளையே வரவழைத்து விளக்கம் கேட்டது. அடுத்த ஆண்டு அவர்களில் பெரும்பாலோருக்குப் பதவி திரும்பக் கிடைக்கவில்லை.

இதில் மன்னர் இல்லை, சர்வாதிகாரி இல்லை. முறையாக ஓட்டுப் போட்டு வந்த பெரும்பான்மை. மேடிசனை உலுக்கியது அதுதான்.

மாசசூசெட்ஸில் கதை நேர் எதிர். அங்கே பாஸ்டன் பக்கத்துப் பணக்காரர்கள் கையில்தான் சட்டமன்றம். போர்க்காலக் கடன் பத்திரங்களுக்குப் பணம் கொடுப்பதற்காகக் கடுமையான வரி போட்டார்கள், அதையும் வெள்ளி நாணயமாகக் கட்டச் சொன்னார்கள். மேற்குப் பகுதி விவசாயிகளிடம் நாணயம் ஏது? நிலம் ஜப்தியானது. 1786 ஆகஸ்டிலிருந்து அவர்கள் நீதிமன்றங்களைச் சூழ்ந்து நடக்கவிடாமல் செய்தார்கள். போரில் கேப்டனாக இருந்த டேனியல் ஷேஸ் அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். 1787 ஜனவரி 25-இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நெருங்கியபோது பீரங்கி சுட்டதில் நால்வர் இறந்தனர். கலவரத்தை அடக்கப் போன படைக்குச் செலவு செய்தவர்களும் பாஸ்டன் வணிகர்களே.

அன்றைய மேல்தட்டு ஷேஸ் கூட்டத்தைக் கோஷ்டி என்று கூசாமல் சொன்னது. என்னைக் கேட்டால், மேடிசனின் வரையறைப்படி அந்த வரியை விதித்த சட்டமன்றமும் கோஷ்டிதான். கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர் என்று இரு தரப்பையும் அவர் கட்டுரையில் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். கட்டுரையின் பின்பகுதியில் பயமுறுத்தும் உதாரணங்களைச் சொல்லும்போது மட்டும் காகிதப் பணம், கடன் ரத்து, சொத்தைச் சமமாகப் பங்கிடுவது என்று ஒரு பக்கத்தையே எடுக்கிறார். இது நியாயமில்லை. வரையறை நேர்மையானது, உதாரணங்கள் ஒருதலைப்பட்சம்.

மூன்றாவது அனுபவம் அவர் சொந்த மாநிலமான வர்ஜீனியாவுடையது. அங்கே ஆங்கிலிகன் திருச்சபைதான் அரசுத் திருச்சபை. 1774-இல், இருபத்திரண்டு வயதில், நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தங்கள் மத நம்பிக்கையைப் பிரசங்கித்த குற்றத்துக்காகப் பக்கத்து மாவட்டச் சிறையில் ஐந்தாறு பேர் அடைபட்டுக் கிடப்பதைக் கொதிப்போடு சொல்கிறார். பத்தாண்டு கழித்துக் கிறித்தவப் போதகர்களுக்காக எல்லோரிடமும் வரி வசூலிக்க ஒரு மசோதா வந்தபோது எதிர்த்து நின்றார். பாப்டிஸ்ட், பிரஸ்பிடீரியன் என்று பல சபையார் தனித்தனிக் காரணங்களுக்காக எதிர்த்து மனுப் போட, மசோதா செத்தது. 1786-இல் மதச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. பல சபைகள் இருந்தால் எந்தச் சபையாலும் மற்றதை அடக்க முடியாது என்று அவர் கண்ணால் பார்த்தது இங்கேதான். பத்தாவது கட்டுரையின் விதை ரோட் ஐலண்டைவிட இதில்தான் அதிகம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கோஷ்டிகளை ஒழித்துவிட்டால் போச்சு, இல்லையா?

இரண்டு வழி உண்டு என்கிறார். ஒன்று சுதந்திரத்தைப் பறிப்பது. நெருப்புக்குக் காற்று எப்படியோ கோஷ்டிக்குச் சுதந்திரம் அப்படி, அதற்காக நாம் சுவாசிக்கும் காற்றையே ஒழிக்கச் சொல்வோமா என்று கேட்கிறார். மற்றது, எல்லோருக்கும் ஒரே கருத்து, ஒரே ஆசை, ஒரே நலன் இருக்கும்படி செய்வது. இது நடக்காது. மனிதர்களின் திறமை வேறு, அதனால் சொத்து வேறு, அதனால் பார்வை வேறு. கோஷ்டிகளுக்கு மிகப் பொதுவான, நீடித்த காரணம் சொத்து சமமாக இல்லாததுதான் என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். கார்ல் மார்க்ஸ் பிறப்பதற்கு முப்பது வருடத்துக்கு முன் எழுதிய வரி இது.

ஆக, காரணத்தை விட்டுவிட்டு விளைவைக் கட்டுப்படுத்தத்தான் வழி தேட வேண்டும்.

பெரும்பான்மை முடிவெடுப்பதுதானே ஜனநாயகம்? அதையே இவர் சந்தேகப்படுகிறாரே?

பெரும்பான்மை ஆளக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. பெரும்பான்மை எப்போதும் நடுவராக இருப்பதில்லை, பல நேரம் அதுவே வழக்கின் ஒரு தரப்பு என்கிறார். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக யாரையும் விடமாட்டோம். ஆனால் ஒரு சட்டமன்றம் கடன் சட்டம் இயற்றும்போது உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? கடன் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும்தான். எந்தப் பக்கம் தலை அதிகமோ அது ஜெயிக்கிறது.

நல்ல தலைவர் வந்து சரிசெய்வார் என்ற பதிலையும் அவர் ஏற்பதில்லை. ஞானமுள்ள ஆட்சியாளர்கள் எப்போதும் தலைமையில் இருக்க மாட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த வரி அது. தனிமனிதரின் நல்ல மனத்தை நம்பி நாட்டைக் கட்டக் கூடாது என்ற பிடிவாதம் அதில் இருக்கிறது.

சரி, நாடு பெரிதானால் எப்படி நிலைமை மாறும்?

இரண்டு காரணம் சொல்கிறார். ஒன்று பலவீனமானது, ஒன்று பலமானது.

பலவீனமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய தொகுதியில் நல்ல வேட்பாளர்கள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்; அத்தனை பேரையும் ஏமாற்றி ஓட்டு வாங்குவதும் கடினம்; ஆகவே பக்குவமானவர்கள் பிரதிநிதிகளாக வந்து மக்களின் கருத்தைச் சலித்து மேம்படுத்துவார்கள் என்பது. அவருக்கே இதில் முழு நம்பிக்கை இல்லை. சூழ்ச்சியாலும் ஊழலாலும் ஓட்டு வாங்கிவிட்டு மக்களைக் காட்டிக்கொடுப்பவர்களும் வரலாம் என்று அதே மூச்சில் ஒப்புக்கொள்கிறார். இருநூறு ஆண்டுத் தேர்தல்களைப் பார்த்த நமக்கு இதை நம்புவது இன்னும் கடினம். பெரிய தொகுதியில் போட்டியிடப் பெரிய பணம் வேண்டும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

பலமான காரணம் வேறு. சின்னச் சமூகத்தில் நலன்களின் வகை குறைவு. ஒரே தொழில், ஒரே சபை, ஒரே கடன் என்று பாதிக்கு மேற்பட்டவர் எளிதில் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். சேர்ந்தவர்கள் பக்கத்திலேயே இருப்பதால் திட்டம் போடுவதும் எளிது. எல்லையை விரித்தால் கப்பல் வணிகர், புகையிலை விவசாயி, நெசவாளி, மீனவர், பாப்டிஸ்ட், குவேக்கர் என்று வகை பெருகும். அப்போது பெரும்பான்மை தானாக அமைந்து கிடக்காது, பேசிச் சேர்த்துத்தான் உருவாக்க வேண்டும். இத்தனை விதமான ஆட்களை ஒன்றுசேர்க்க வேண்டுமென்றால் கோரிக்கையில் எல்லோருக்கும் பொதுவான நியாயம் கொஞ்சமாவது இருந்தாக வேண்டும்.

இதோடு மனித மனம் பற்றிய நுட்பமான ஒரு குறிப்பும் உண்டு. செய்யப்போவது அநியாயம் என்று உள்ளுக்குள் தெரிந்தால், எத்தனை பேரைச் சேர்க்க வேண்டுமோ அத்தனைக்கும் பரஸ்பர அவநம்பிக்கை வளரும் என்கிறார்.

குடியரசு என்றால் சின்னதாக இருக்க வேண்டும் என்றல்லவா அன்று நம்பினார்கள்?

ஆமாம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியு 1748-இல் அப்படித்தான் எழுதியிருந்தார். பெரிய நாட்டில் பெரிய செல்வம் சேரும், பொதுநலன் ஆயிரம் தனிநலன்களுக்குப் பலியாகும், சின்ன நாட்டில்தான் பொதுநலன் ஒவ்வொருவர் கண்ணுக்கும் தெரியும் என்பது அவர் கருத்து. படித்தவர்கள் எல்லோரும் இதை மேற்கோள் காட்டினார்கள். ஸ்காட்லாந்தின் டேவிட் ஹ்யூம் 1752-இல், பெரிய நாட்டில் குடியரசை அமைப்பது கடினமானாலும் அமைத்துவிட்டால் நிலைக்கும் என்று மாற்றுக் கருத்துச் சொல்லியிருந்தார். மேடிசன் அதை எடுத்து அமெரிக்க அனுபவத்தோடு இணைத்தார்.

எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? அதில் நியாயம் உண்டா?

நிறையவே உண்டு. பத்தாவது கட்டுரைக்கு ஒரு மாதம் முன்பே, 1787 அக்டோபர் 18-இல், ‘புரூட்டஸ்’ என்ற புனைபெயரில் ஒருவர் நியூயார்க்கில் எழுதத் தொடங்கினார். ஜார்ஜியாவில் இருப்பவனும் நியூ ஹாம்ப்ஷயரில் இருப்பவனும் பழக்கத்தில், தொழிலில், நலனில் வேறுவேறு. இவர்களை ஒரே சட்டமன்றத்தில் உட்காரவைத்தால் ஓயாத சண்டைதான் மிஞ்சும் என்றார். பிரதிநிதி யார் என்றே மக்களுக்குத் தெரியாது, தெரியாதவரை நம்ப மாட்டார்கள், நம்பாத மக்களை ஆள அரசுக்கு நிரந்தரப் படை தேவைப்படும் என்று வரிசையாகக் கோத்துக் காட்டினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். அப்போதுதான் மேடிசன் எதற்குப் பதில் சொல்கிறார் என்று விளங்கும்.

பிரதிநிதி எட்டாத தூரத்துக்குப் போய்விடுவார் என்ற புரூட்டஸின் பயம் பலித்துவிட்டது. முதல் பிரதிநிதிகள் சபையில் 65 இடங்கள். 1790 கணக்கெடுப்பில் மக்கள் தொகை சுமார் 39 லட்சம். இன்று 33 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு 435 பேர், அதாவது ஒருவருக்கு ஏழரை லட்சத்துக்கும் மேல். தொகுதி ரொம்பச் சின்னதானால் உறுப்பினர் உள்ளூர் விஷயத்திலேயே ஒட்டிக்கொள்வார், ரொம்பப் பெரிதானால் உள்ளூரே தெரியாமல் போகும் என்று மேடிசனும் எழுதியிருக்கிறார். இந்த ஏழரை லட்சத்தைப் பார்த்தால் அவரே ரொம்பப் பெரிது என்றுதான் சொல்லியிருப்பார்.

அரசியலமைப்புச் சட்டத்தில் குடிமக்களின் உரிமைகள் பட்டியல் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தவர்களும் எதிர்ப்பாளர்களே. 1789 ஜூனில் அதற்கான திருத்தங்களைச் சபையில் முன்வைத்தவர் மேடிசன். எதிர்ப்பு இல்லாமல் அது வந்திருக்காது.

அடிமைகளைப் பற்றி இந்தக் கட்டுரையில் ஏன் ஒன்றுமே இல்லை?

கட்டுரையைப் பாராட்டுகிறவர்கள் தாண்டிப் போகக் கூடாத கேள்வி இது.

1790-இல் அந்த 39 லட்சம் பேரில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். மேடிசனின் மான்ட்பெலியர் பண்ணையில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அடிமைகளாக உழைத்தார்கள். 1836-இல் அவர் இறந்தபோது உயிலில்கூட அவர்களை விடுவிக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் இல்லை. 1787 ஜூன் 6-இல், அரசியலமைப்புச் சட்டத்தை உருவாக்கிய பிலடெல்பியா மாநாட்டில், பெரும்பான்மைகள் செய்த கொடுமைகளுக்கு உதாரணம் அடுக்கும்போது, தோலின் நிற வேறுபாடு ஒன்றையே காரணமாக வைத்து மனிதன் மனிதன்மேல் மிகக் கொடிய ஆதிக்கம் செலுத்துவதை நாம் பார்க்கிறோம் என்று பேசினார். ஐந்து மாதம் கழித்துச் செய்தித்தாளில் எழுதும்போது அந்த உதாரணம் காணாமல் போய்விட்டது. தெற்கு மாநிலங்களின் ஓட்டும் வேண்டியிருந்தது என்பது காரணம். அதை மன்னிப்பதற்கான காரணம் ஆகாது.

ஆட்சியில் எந்தப் பங்கும் இல்லாத அடிமைகளின் தலையை எண்ணி முதலாளிகளின் மாநிலத்துக்கு இடங்கள் கூட்டுவது என்ன நியாயம் என்று கேட்டவர் எதிர்ப்பக்கத்து புரூட்டஸ். ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிடும் ஐந்தில் மூன்று பங்கு விதியைச் சொல்கிறார்.

இது மனசாட்சி சம்பந்தப்பட்ட குறை மட்டும் இல்லை, தர்க்கத்திலேயே ஓட்டை. நலன்கள் மாறும், இன்று ஒரு விஷயத்தில் சேர்ந்தவர்கள் நாளை இன்னொன்றில் பிரிவார்கள் என்ற எதிர்பார்ப்பில்தான் மேடிசனின் வாதம் நிற்கிறது. நிறத்தின் கோடு அப்படி மாறவில்லை. வணிகர், விவசாயி, பாப்டிஸ்ட், குவேக்கர் என்ற எல்லாப் பிரிவினைகளையும் விழுங்கி வெள்ளையரை ஒரு பக்கம் நிறுத்தியது.

பெரும்பான்மையைக் கட்டிப்போட்டார், சரி. சிறுபான்மைக் கோஷ்டி?

கட்டுரையின் மிக மெலிந்த இடம். சிறுபான்மை கோஷ்டி கட்டினால் பெரும்பான்மை ஓட்டுப் போட்டுத் தோற்கடித்துவிடும், நிர்வாகத்துக்குத் தொல்லை தரலாம், அதற்கு மேல் முடியாது என்று இரண்டே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்.

நடந்தது வேறு. கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்வதைத் தடுக்கும் டயர் மசோதா 1922 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. மேல்சபையான செனட்டில் தெற்கு மாநில உறுப்பினர்கள் ஓட்டெடுப்புக்கே விடாமல் பேசிப் பேசி முடக்கினார்கள். ஃபிலிபஸ்டர் என்பது இதுதான். அந்தக் குற்றத்துக்கென ஒரு மத்தியச் சட்டம் கடைசியில் கையெழுத்தானது 2022 மார்ச்சில். நூறு வருடம். இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்தையும் இப்படித்தான் இழுத்தடித்தார்கள். ஜூன் 10-இல் 71-29 என்று ஓட்டு விழுந்த பிறகே பேச்சு நிறுத்தப்பட்டது.

ஃபிலிபஸ்டரை மேடிசன் உருவாக்கவில்லை, அரசியலமைப்புச் சட்டத்திலும் அது கிடையாது. செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு என்ற சம இடத்தையும் மாநாட்டில் அவர் எதிர்த்துத் தோற்றார். 2020 கணக்கெடுப்பில் சுமார் 3 கோடியே 95 லட்சம் பேர் உள்ள கலிபோர்னியாவுக்கும் 6 லட்சத்தைத் தொடாத வயோமிங்குக்கும் செனட்டில் ஒரே பலம்.

அதே கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கறுப்பின மக்களின் ஓட்டுரிமையைப் பறித்தவை மாநிலங்கள், அதாவது சின்ன அலகுகள். திருப்பிக் கொடுத்த 1965 சட்டம் வந்தது பெரிய குடியரசிடமிருந்து. சின்ன இடத்தில் பெரும்பான்மை எவ்வளவு கொடூரமாகும் என்பதில் மேடிசன் கணக்குத் தப்பவில்லை.

மாநிலங்களின் அநியாயத்தைத் தடுக்க அவர் வேறு ஏதும் யோசித்தாரா?

மாநிலச் சட்டம் எதையும் ரத்து செய்யும் அதிகாரம் மத்தியச் சட்டமன்றத்துக்கு வேண்டும் என்று வாதாடினார். மாநாடு 1787 ஜூலையில் அதை நிராகரித்தது. அவருக்குப் பெரிய ஏமாற்றம். அதற்குப் பதிலாக மாநிலங்கள் காகிதப் பணம் வெளியிடக் கூடாது, தங்கம் வெள்ளி தவிர வேறெதையும் கடனுக்குச் செல்லும் பணமாக்கக் கூடாது, ஒப்பந்தங்களைக் குலைக்கும் சட்டம் கூடாது என்று ஒரு பிரிவு சேர்ந்தது. நியூபோர்ட் கறிக்கடை வழக்கு போன்றது இனி வர வழியில்லாமல் போனது. ரோட் ஐலண்ட் கடைசிவரை முரண்டு பிடித்து, 1790 மே 29-இல் 34-32 என்ற ஓட்டில் அரைமனதாக உள்ளே வந்தது.

கோஷ்டியைத் திட்டியவர் தானே கட்சி ஆரம்பித்தாரே?

ஆரம்பித்தார். 1791-இல் ஹாமில்டனின் தேசிய வங்கித் திட்டத்தை எதிர்த்தார், அப்புறம் ஜெஃபர்சனோடு சேர்ந்து எதிர் அணியைக் கட்டினார். பப்ளியஸ் என்ற ஒரே பெயரில் எழுதிய இருவரும் நான்கே வருடத்தில் இரண்டு கட்சி. சின்னப் பணக்காரக் கூட்டம் ஒன்று அரசாங்கத்தைக் கைப்பற்றுகிறது, அதைத் தடுக்கப் பெரும்பான்மையைத் திரட்டியாக வேண்டும் என்று அவர் கருதினார். சிறுபான்மைக் கோஷ்டியை இரண்டு வாக்கியத்தில் ஒதுக்கியது போதாது என்று அவரே உணர்ந்துவிட்டார் என்றுதான் இதைப் படிக்கிறேன்.

கைபேசியும் சமூக ஊடகமும் வந்தபின் தூரம் எங்கே இருக்கிறது? வாதம் செத்துவிட்டதா?

பாதி அடிபட்டுவிட்டது. ஒத்த எண்ணமுள்ளவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கவே சிரமப்படுவார்கள் என்பதை இன்று சொல்ல முடியாது. மேடிசனே 1791 டிசம்பரில் எழுதிய சிறு கட்டுரையில், நல்ல சாலைகளும் நாடு முழுக்கச் சுற்றும் செய்தித்தாள்களும் நாட்டின் எல்லையைச் சுருக்குவதற்குச் சமம் என்கிறார். அதை நல்லது என்றே சொன்னார், அரசை மக்கள் கண்காணிக்க அது வேண்டும் என்பதால்.

மறுபாதி, அதாவது நலன்களின் பன்மை, இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஒருவரின் மதம், வசிக்கும் இடம், படிப்பு, தொழில் எல்லாம் ஒரே கட்சிப் பக்கம் அடுக்கடுக்காகச் சேர்ந்துவிட்டால், நாடு எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. இன்றைய அமெரிக்காவில் நான் அஞ்சுவது இதைத்தான்.

இந்தியாவோடு ஒப்பிடலாமா?

கவனமாக ஒப்பிடலாம். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4-இல் அம்பேத்கர் பேசியபோது, கிராமத்தை அடிப்படை அலகாக வைக்க வேண்டும் என்ற கோரிக்கையைக் கடுமையாக மறுத்தார். கிராமம் என்பது அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்றார். தனிமனிதரே அலகு என்பதில் உறுதியாக நின்றார். சின்ன இடத்தின் பெரும்பான்மையைப் பற்றிய அச்சத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

ஆனால் அம்பேத்கர் மேடிசனைவிட ஒரு படி ஆழமாகப் போனார். இந்தியாவில் பெரும்பான்மை உருவாக்கப்படுவதில்லை, பிறக்கிறது என்று 1940-களில் எழுதினார். அரசியல் பெரும்பான்மை மாறும், பிறப்பால் வந்த பெரும்பான்மை மாறாது என்பது அதன் பொருள். மேடிசன் மாநாட்டில் சொல்லிவிட்டுக் கட்டுரையில் விட்டுவிட்டதை, ஒடுக்கப்பட்ட பக்கத்திலிருந்து வந்தவர் விடாமல் பிடித்துக்கொண்டார்.

அந்தக் காலத்திலேயே இந்தக் கட்டுரை புகழ் பெற்றதா?

இல்லை. சட்டத்தை ஏற்பதா என்று முடிவெடுக்கக் கூடிய நியூயார்க் மாநாட்டுக்குத் தேர்வான 65 பேரில் 46 பேர் எதிர்ப்பாளர்கள். 1788 ஜூலையில் சட்டம் அங்கே 30-27 என்று தப்பிப் பிழைத்ததற்கு வேறு மாநிலங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்ததுதான் முக்கியக் காரணம். பத்தாவது கட்டுரையை உயரத்துக்குக் கொண்டுவந்தவர் 1913-இல் வரலாற்றாசிரியர் சார்லஸ் பியர்ட். சட்டத்தை எழுதியவர்களின் பொருளாதார நலனைக் காட்ட அவருக்கு இதுவே பெரிய சாட்சியாக அமைந்தது.

கடைசிவரை மேடிசன் இதே கருத்தில் இருந்தாரா?

அடிப்படையில் இருந்தார். 1832-33-இல் இறக்குமதித் தீர்வைச் சட்டம் எங்கள் மாநிலத்தில் செல்லாது என்று தென் கரோலினா அறிவித்தது. அதற்குக் கொள்கை வகுத்துக் கொடுத்த ஜான் கால்ஹூன், பெரும்பான்மை கோஷ்டியாகும் ஆபத்து என்ற மேடிசனின் மொழியிலேயே பேசி, மாநிலத்துக்குத் தடுப்பு அதிகாரம் கேட்டார். அவர் காக்க நினைத்த சிறுபான்மை, அடிமை முதலாளிகள். எண்பதைத் தாண்டிய மேடிசன் இதை ஏற்கவில்லை. பெரும்பான்மை அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தலாம் என்பதற்காகப் பெரும்பான்மை ஆட்சியையே மறுப்பவர்கள் குடியரசு ஆட்சி முழுவதையும் மறுக்கிறார்கள் என்று 1833-இல் எழுதினார். வர்ஜீனியாவுக்குள்ளேயே அடிமைகள் நிறைந்த கிழக்குக்கும் அடிமைகள் குறைந்த மேற்குக்கும் நலன்கள் மோதுவதை எடுத்துக்காட்டி, மாநிலத்துக்குள் மட்டும் பெரும்பான்மை நியாயமாகிவிடுமா என்றும் கேட்டார்.